சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது எப்படி?

முதல் தடவை நான் அரிவாளால் தரையோடு தரையாக வெட்டிவிட்டு வந்தேன். இரண்டு மழை விழுந்ததும் ஒரு மரம் நின்ற இடத்தில் பத்துக் கிளை. சீமைக் கருவேலம் அப்படித்தான், வெட்டினால் தழைக்கும். தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்து மரம். 1877-ல் இந்தியாவுக்கு வந்தது. பிறகு விறகுக்கும் வேலிக்கும் என்று நாமே பரப்பினோம். இன்று ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கண்மாய்க்குள் புல்லுக்கும் இடமில்லை.

1. மரம் அதுதானா என்று பாருங்கள். அவசரத்தில் நாட்டுக் கருவேலத்தை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. கண்மாயில் இரண்டும் கலந்தே நிற்கும், முள்ளும் இரண்டிலும் உண்டு. பூவைப் பாருங்கள். நாட்டு மரத்தில் மஞ்சள் உருண்டை. சீமையில் பூனைவால் போல நீண்ட கதிர். காயும் காட்டிக்கொடுக்கும். நாட்டுக் காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்தது போலிருக்கும். சீமைக் காய் பழுத்தால் வெளிர்மஞ்சள், இனிக்கும். பூ, காய் இல்லாத காலமா? ஊரில் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள், இலையைப் பார்த்தே சொல்வார்.

2. அனுமதி. சொந்தப் பட்டா நிலம் என்றால் சரி. கண்மாய், புறம்போக்கு என்றால் ஊராட்சியில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

3. கன்றுகளை முதலில் பிடுங்குங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது முழங்கால் உயரக் கன்று வேரோடு வந்துவிடும். கனமான கையுறை வேண்டும். ரப்பர் செருப்பு போதாது, முள் அதைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும்.

4. பெரிய மரம். கிளைகளைக் கழித்து, கவைக்கம்பால் தள்ளி ஒதுக்குங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் தோண்டுங்கள். மறுபடி துளிர்க்கும் மொட்டுகள் தரைமட்டத்தை ஒட்டிய வேர்த்தண்டில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே கோடரியால் வேரை அறுத்து, கடப்பாரையால் நெம்பித் தூரை வெளியே எடுங்கள். ஆழத்தில் போன வேர் கிடந்தால் கிடக்கட்டும். மரம் நிறைய இருந்தால் பொக்லைன்தான் வழி.

5. காயைப் பொறுக்குங்கள். காய் தின்ற ஆடுமாடுகளைச் சுத்தம் செய்த நிலத்தில் விடாதீர்கள். புழுக்கையிலும் சாணத்திலும் விதை சாகாமல் வந்து முளைக்கும்.

6. வெற்றிடமாக விடாதீர்கள். வேம்பு, புங்கன், கரையில் பனைவிதை. உள்ளே நாட்டுக் கருவேலமே வைக்கலாம்.

அப்புறம், மண்ணில் புதைந்த விதை வருடக்கணக்கில் காத்திருக்கும். ஐப்பசி மழை முடிந்ததும் வருடம் தவறாமல் ஒரு நடை போய், புதுக் கன்றுகளைப் பிடுங்கிவிடுங்கள்.