கரும்புக் குச்சியா, காகிதக் குடையா?

டிசம்பர் விடுமுறைக்கு மொரிஷியஸில் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு ஒரு குளிர்பானம் கலக்கலாம்: நம் சின்ன விக்டோரியா அன்னாசியின் சாறு இரண்டு பங்கு, மாம்பழக் கூழ் ஒரு பங்கு, பாதி எலுமிச்சை, சிட்டிகை உப்பு. மூடியுள்ள பாட்டிலில் ஐஸோடு பலமாகக் குலுக்குங்கள். காய்ச்சாத அன்னாசிச் சாறு தானாகவே நுரை கட்டும். பால் மட்டும் வேண்டாம், கசந்துவிடும்.

அலங்காரத்துக்கு எனக்குக் கரும்புக் குச்சிதான் பிடிக்கும். ஹவாயில், வைக்கீக்கி ஹோட்டலில் ஹாரி யீ என்ற பார்டெண்டரும் அதைத்தான் வைத்தார். வந்தவர்கள் சப்பிய குச்சியைச் சாம்பல் கிண்ணத்தில் போட, எல்லாம் பிசுபிசுத்தது. 1955இல் ஆர்க்கிட் பூவுக்கு மாறினார். அப்புறம் பானத்தில் செருகும் குட்டிக் காகிதக் குடையும் வந்தது. கரும்பு வைத்தால் பக்கத்தில் ஒரு தட்டும் வையுங்கள். குடை என்றால் பழத்துண்டில் குத்துங்கள், நனைந்தால் சாயம் இறங்கும்.