ஊட்டிக் குளிரில் கேமரா வியர்க்கும்

டிசம்பர், ஜனவரியில் குறும்படம் எடுக்க ஊட்டி வரும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்கு முதலில் காலை வாருவது பேட்டரி. குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி லென்ஸ். விடியற்காலை உறைபனியில் ஷூட் முடித்து, டீ அவசரத்தில் கேமராவோடு சூடான அறைக்குள் நுழைந்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். நான் ஒருமுறை துண்டால் துடைத்தேன். கோடு விழுந்ததுதான் மிச்சம். வெளியிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, அப்புறம் உள்ளே கொண்டு போங்கள். ஈரம் கவர் மேல்தான் படியும். ஒரு மணி நேரமாவது பிரிக்காதீர்கள். மெமரி கார்டைக் கவரில் போடும் முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கார்டுக்காகக் கவரைப் பிரிக்காமல் எடிட் செய்கிறவருக்குக் கை சும்மா இருக்காது.

மூடுபனியில் ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது கேமராவே வெளிச்ச அளவை முடிவுசெய்யும் வசதி, வெள்ளையைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்கு) கூட்டிப் பாருங்கள்.