புகைச் சீட்டிலிருந்து பிளக் ஒயர் வரை: பழைய பெட்ரோல் காரின் எஞ்சின் கோளாறைக் கண்டறியும் முறை

2000-க்கும் 2010-க்கும் இடையில் வாங்கிய பெட்ரோல் காரை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு, செக் எஞ்சின் விளக்கு எரிவதும், சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்குவதும், மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைவதும் பழகிய தொல்லைகள். இவற்றுக்குப் பல இடங்களில் செய்யப்படும் வைத்தியம், ஏதேனும் ஒரு சென்சாரை மாற்றிப் பார்ப்பது. விளக்கு மறுபடி எரிந்தால் அடுத்த சென்சாரை மாற்றுவது. ஆயிரக்கணக்கில் பணம் போன பிறகும் பழுது அப்படியே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு சென்சாரைக்கூடக் கழற்றுவதற்கு முன், டேஷ்போர்டுக்குள் கிடக்கும் புகைப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் படியுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அந்தச் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். கார்பன் மோனாக்சைடு சதவீதத்திலும், ஹைட்ரோகார்பன் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அளவிலும் குறிக்கப்பட்டிருக்கும். எரியும்போது காற்று போதாமல் பெட்ரோல் பாதி எரிந்த நிலையில் வெளியேறினால் கார்பன் மோனாக்சைடு கூடும். பெட்ரோல் எரியாமலே வெளியேறினால் ஹைட்ரோகார்பன் கூடும். ஆகவே, முதல் எண் மட்டும் உயர்ந்திருந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று கொண்டு சென்சார், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர் பக்கம் தேட வேண்டும். இரண்டாவது எண் மட்டும் உயர்ந்திருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் எரியாமல் போகிறது என்று பொருள். தேடல் தீப்பொறி தரும் பிளக், அதன் ஒயர், அதற்கு உயர் வோல்ட் மின்சாரம் தரும் காயில் பக்கம் போக வேண்டும். இரண்டுமே உயர்ந்திருந்தால், பெட்ரோல் மிகுந்து பிளக்கே நனைந்துபோகும் நிலையையோ, புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யாமல் போனதையோ ஐயுறலாம்.

பாரத் ஸ்டேஜ் 2, 3 புகை விதிகளின்படி வந்த பெட்ரோல் கார்களுக்கு உச்சவரம்பு 0.5 சதவீதமும் 750 பி.பி.எம்.-உம் ஆகும், பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு அது 0.3 சதவீதமும் 200 பி.பி.எம்.-உம் ஆகும். ஆனால் தேர்ச்சி பெற்றதாலேயே எஞ்சின் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கன்வர்ட்டர் நன்றாக உழைக்கும் எஞ்சினில் ஹைட்ரோகார்பன் பொதுவாக நூறைச் சுற்றியே இருக்கும்; பாரத் ஸ்டேஜ் 2, 3 காரில் 600 என்று வந்தால் சான்று கிடைத்துவிடும், ஆனால் ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுகிறது. பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், எண் எப்போது ஏறத் தொடங்கியது என்பது தெரியும். சோதனைக்குப் போகும் முன் கால் மணி நேரமாவது வண்டியை ஓட்டிச் சூடாக்க வேண்டும். கன்வர்ட்டர் சுமார் 300 டிகிரியை எட்டிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும்.

அடுத்ததாக, எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யூ. பதிவு செய்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டு எண்ணை (code) பார்க்க வேண்டும். 2010-க்கு முந்தைய இந்தியக் கார்கள் பலவற்றில் இன்று விற்கும் மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசாது. பழைய சுசூகி அமைப்புகள் சிலவற்றில் சோதனை இணைப்பின் குறிப்பிட்ட இரு முனைகளைச் சேர்த்தால் செக் எஞ்சின் விளக்கே மின்னி எண்ணைச் சொல்லும். 12 என்றால் பழுது எதுவும் பதிவாகவில்லை, 13 என்றால் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார். எந்த முனைகள் என்பதை அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஊகத்தில் தொட்டால் இ.சி.யூ. கருகிவிடக்கூடும். இங்கே மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 13 என்பது அந்தச் சென்சாரிலிருந்து வரும் சமிக்ஞை சரியில்லை என்பதை மட்டுமே சொல்கிறது; சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை.

என் காரிலேயே இதை அனுபவித்தேன். கார்பன் மோனாக்சைடு 1.8 சதவீதம் வந்து, ஒரு பணிமனையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, அதன் பிறகும் விளக்கு எரிந்தது. கடைசியில், எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் குழாயிலிருந்து, அங்குள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் பென்சில் கனமுள்ள ரப்பர் ஹோஸைக் கையால் வளைத்தபோது, அதன் நுனியில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. அந்த வெடிப்பு வழியே வெளிக்காற்று நுழைந்ததால், எஞ்சின் பெரும் சுமையை இழுப்பதாக மேப் சென்சார் சொல்ல, இ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலை அள்ளிக் கொட்டியிருக்கிறது. ஒரு சாண் ஹோஸ் மாற்றியதும் பழுது நீங்கியது. அன்றிலிருந்து எந்தக் காரானாலும், குளிர்ந்த எஞ்சினில் எல்லா ரப்பர் குழாய்களையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

ஹைட்ரோகார்பன் உயர்ந்திருந்தால், பிளக்குகளைக் கழற்றி எந்தச் சிலிண்டருடையது எது என்று வரிசை மாறாமல் வையுங்கள். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. பெட்ரோல் வாடையுடன் நனைந்திருந்தால் அங்கே தீப்பொறி இல்லை. பிசுபிசுப்பான எண்ணெய்க் கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்மானம். வெள்ளைப் பீங்கானின் மேல் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு கீற்று தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தீப்பொறி நுனிக்குப் போகாமல் அந்த வழியே எர்த் ஆகிறது என்பதன் தடம் அது; பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது, அதன் மேலுள்ள ரப்பர் மூடியின் உட்புறத்திலும் அதே கீற்று இருக்கும் என்பதால் ஒயரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மிஸ் ஆகும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்காதீர்கள். அதில் பாய்வது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல். மாறாக, இன்ஜெக்டர் இணைப்புகளை ஒவ்வொன்றாக ஓரிரு நொடி கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது எஞ்சின் வேகம் குறையவில்லையோ அதுவே சோம்பிக் கிடக்கும் சிலிண்டர். எஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றிப் பார்த்தால், பழுதும் கூடவே நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். நகராவிட்டால் ஒயர், அதன் பின் காயில், இன்ஜெக்டர். குளிரில் நன்றாக ஓடி அரை மணி நேரத்துக்குப் பின் மிஸ் ஆனால் காயிலையும், சூட்டில் அடியோடு நின்று ஆறிய பின் மறுபடி ஸ்டார்ட் ஆனால் எஞ்சின் சுழற்சியைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சாரையும் முதலில் சந்தேகியுங்கள்.

சிலிண்டர் மிஸ் ஆகும்போது எரியாத ஆக்சிஜனும் சைலன்சர் பக்கம் வந்துவிடும். அதைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் குறைவு என்று சொல்ல, இ.சி.யூ. மேலும் பெட்ரோல் விடும். பிளக் பழுதாக இருக்க, பழுதுக் குறியீடு சென்சாரைக் காட்டுவது இப்படித்தான். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தாலும் இதே குழப்பம் நேரும்.

இத்தனைக்கும் பிறகுதான் சென்சார்களை மல்டிமீட்டராலோ ஸ்கேனராலோ சோதிக்க வேண்டும். இரவு முழுதும் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன், கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் அது சுமார் 101 கிலோபாஸ்கல், ஊட்டியில் 78-ஐ ஒட்டி வரும். ஆக்சிஜன் சென்சார் சூடான எஞ்சினில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால், எஞ்சினின் உறிஞ்சும் காற்று வரும் வேக்கம் குழாய் ஒன்றைக் கழற்றியும் மாட்டியும் பார்த்து, அப்போதும் அசையாவிட்டால் மட்டுமே புதிது வாங்குங்கள். இணைப்புகளின் பச்சைப் பாசி போன்ற அரிப்பையும் எர்த் ஒயரின் இறுக்கத்தையும் அதற்கு முன் பார்த்துவிட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகள் எல்லாம் திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

பழுது நீங்கியதும் பழுதுக் குறியீட்டை அழித்து, இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் ஓட்டி, மறுபடி புகைச் சோதனை செய்து, புதுச் சீட்டின் பின்பக்கத்தில் மாற்றிய பொருளின் பெயரையும் கிலோமீட்டரையும் எழுதிப் பழைய சீட்டோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள்.