தோட்ட ரயிலுக்கு ஒரு லோகோ ஷெட்: அடித்தளம் முதல் புகைக்கரி வரை

தோட்டத்தில் ஓடும் மாதிரி ரயிலுக்கு லோகோ ஷெட், அதாவது எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகை, கட்ட முனைபவர் இரண்டு கேள்விகளோடு தொடங்க வேண்டும். உள்ளே எழும் புகை எந்த வழியாக வெளியேறும்? மேலே விழும் நீர் எந்த வழியாக வெளியேறும்? நீராவி எஞ்சின்கள் நின்ற உண்மையான ஷெட்டுகளின் உயர்ந்த கூரை, முகட்டுத் திறப்பு, பெரிய சன்னல்கள் ஆகிய அனைத்தும் முதல் கேள்விக்குக் கிடைத்த விடைகளே. நாம் கட்டும் மாதிரியோ ஆண்டு முழுவதும் மழையிலும் வெயிலிலும் நிற்கப்போவதால், அதன் ஆயுளைத் தீர்மானிப்பது இரண்டாவது கேள்வி. எந்தப் பாகத்தை அறுக்கும்போதும் இவ்விரண்டையும் நினைவில் வைத்திருந்தால், நுணுக்கங்கள் தாமாகவே சரியான இடத்தில் வந்து அமைகின்றன.

அளவுவிகிதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். தோட்ட ரயில்களில் பரவலாக உள்ள 45 மி.மீ. தண்டவாளத்தின் மீது வெவ்வேறு விகிதங்களில் செய்யப்பட்ட எஞ்சின்கள் ஓடுகின்றன. மீட்டர் கேஜைக் குறிக்கும்போது விகிதம் 1:22.5, ஸ்டாண்டர்ட் கேஜ் எனப்படும் 1435 மி.மீ. பாதையைக் குறிக்கும்போது 1:32, மூன்றடிப் பாதையைக் குறிக்கும்போது 1:20.3. தண்டவாளம் ஒன்றே என்பதற்காக இவற்றைக் கலந்துவிட்டால், கதவருகே நிற்கும் ஆள் பொம்மை ஒன்றே அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்குத் தரும் அளவுகள் அனைத்தும் 1:22.5 விகிதத்துக்கு உரியவை.

உங்களிடம் உள்ள எஞ்சின்களில் மிக நீளமானதையும், மிக அகலமானதையும், மிக உயரமானதையும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். இம்மூன்றும் ஒரே எஞ்சினாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீளத்தோடு இருபுறமும் 60 மி.மீ., அகலத்தோடு இருபுறமும் 15 மி.மீ., புகைபோக்கியின் உச்சிக்கு மேல் குறைந்தது 40 மி.மீ. இடைவெளி விடுங்கள். கதவுக்கு முன்னால் ஓர் எஞ்சின் நீளத்துக்காவது பாதை நேராக இருக்க வேண்டும். வளைவிலிருந்து நேரே கதவுக்குள் நுழையும் எஞ்சினின் மூலை வெளிப்புறமாக வீசித் தூணில் உரசும். அளவு உறுதியானதும், பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு வெற்று வடிவத்தை ஒட்டி, தோட்டத்தில் சில நாள் வைத்துப் பாருங்கள். காகிதத்தில் அழகாகத் தெரிந்த கட்டடம் செடிகளுக்கு நடுவே தாழ்ந்து போவதும், சில நேரங்களில் அளவுக்கு மீறி நிமிர்ந்து நிற்பதும் அட்டையில்தான் தெரியவரும். இந்தப் படியைத் தவிர்க்கவே வேண்டாம்.

அடித்தளத்துக்கு 100 மி.மீ. ஆழம் தோண்டி, பாதியளவுக்குச் சல்லி போட்டு இடித்து, அதன்மேல் 50 மி.மீ. கனமுள்ள சிமென்ட் பலகையை ரசமட்டம் பார்த்துப் பதியுங்கள். எஞ்சின் தானாக உருளக்கூடாது என்பதால் பலகைக்குச் சரிவு கொடுக்க முடியாது. நீரை வெளியேற்றும் வேலையைச் சல்லியும் துளைகளுமே செய்ய வேண்டும். பலகையின் விளிம்பு சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது முக்கியம். இறவாரத்திலிருந்து சொட்டும் நீர் கெட்டியான தளத்தில் விழுந்தால் சேற்றைச் சுவர்மீது தெறிக்கும். சல்லியில் விழுந்தால் அங்கேயே இறங்கிவிடும். எனவே சுவரைச் சுற்றி 150 மி.மீ. அகலத்துக்குச் சல்லிப் பட்டை அமையுங்கள்.

எஞ்சினின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கான ஆய்வுக்குழி லோகோ ஷெட்டின் உயிர்நாடி. அதை விட்டுவிட்டுக் கட்டினால், உள்ளே தண்டவாளம் உள்ள ஒரு கிடங்கு மட்டுமே மிஞ்சும். இதற்கு இரண்டு பலகைகளை இடைவெளி விட்டுப் பதித்து, நடுவில் 36 மி.மீ. அகலமும் 40 மி.மீ. ஆழமும் உள்ள குழியைச் சிமென்ட் கலவையால் பூசி எடுங்கள். குழியின் இரு முனைகளிலும் படிகள், தாழ்ந்த முனையில் 8 மி.மீ. துளை, துளைக்கு நேர்கீழே சல்லி ஆகியவை வேண்டும். குழியின் நீளத்துக்கு மட்டும் குறுக்குக் கட்டைகள் இல்லாமல், தண்டவாளத்தைக் குழியின் இரு விளிம்புகளிலும் நீளவாக்கில் ஓடும் கட்டைகள்மீது திருகாணியால் இறுக்குங்கள். தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ந்தால், இரு திருகாணி வரிசைகளும் எந்த உலோகத்தாலும் ஒன்றோடொன்று இணையாதிருப்பதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு 10 மி.மீ. பிவிசி ஃபோம் போர்டு மிக ஏற்றது. அது நீரை உறிஞ்சாது, கட்டர் கத்திக்கு இணங்கும், கோடு கீறினால் பதிவு அழியாமல் நிற்கும். ஆனால் வெப்பத்தில் நன்றாக விரியும், 600 மி.மீ. நீளச் சுவர் குளிர்ந்த விடியலுக்கும் கடும் வெயிலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீளக்கூடும். ஆகவே சுவரைப் பலகையோடு ஒட்டிவிடாமல், மூலைகளில் நட்ட பித்தளை முளைகள்மீது சற்றுத் தளர்வாக அமர்த்துங்கள். சுவரின் அடிக்கும் பலகைக்கும் இடையே மூலைகளில் மட்டும் 3 மி.மீ. அக்ரிலிக் துண்டுகளை வைத்தால், உள்ளே புகுந்த நீர் தேங்காது.

செங்கல் கீறுவதில்தான் பெரும்பொழுது செல்லும், செல்லவும் வேண்டும். 215 மி.மீ. நீளமும் 65 மி.மீ. உயரமும் உள்ள செங்கல்லைச் சாந்து இணைப்போடு சேர்த்துக் கணக்கிட்டால், நம் விகிதத்தில் சரியாக 10 மி.மீ. நீளமும் 3.3 மி.மீ. உயரமும் வருகின்றன. மூன்று வரிசைக்கு 10 மி.மீ. என்பதால், முதலில் பத்துப் பத்தாகக் கோடிட்டு ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்தால் பிழை சேர்ந்துகொண்டே போகாது. 200 மி.மீ. உயரச் சுவருக்கு 60 வரிசைகள். கிடைக்கோடுகளை இரும்பு அளவுகோலின் துணையோடு மழுங்கிய ஊசியால் இரண்டு முறை இழுங்கள். கத்தி வேண்டாம், அது வெட்டுமே தவிரப் பள்ளம் ஏற்படுத்தாது. செங்குத்துக் கோடுகளுக்கு 3.3 மி.மீ. அகல முனையுள்ள தட்டைத் திருப்புளியை அழுத்தினால் போதும். தடித்த சுவரில் நீளப் பக்கம் தெரியும் வரிசையும் குறுக்குப் பக்கம் தெரியும் வரிசையும் மாறி மாறி வரும் என்பதையும், குறுக்கு முகத்தின் அகலம் 5 மி.மீ. என்பதையும் கவனியுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் செங்குத்து இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக நேர்கோட்டில் வந்துவிட்டால், கட்டுமானம் அறிந்த எவர் கண்ணுக்கும் அந்தச் சுவர் இடிந்து விழவேண்டியதாகவே தோன்றும். மூலையைச் சுற்றும்போது வரிசை மட்டம் மாறக்கூடாது. நான்கு சுவர்களையும் ஒட்டிய பிறகே மூலைக் கற்களைக் கீறுவது பாதுகாப்பானது. சன்னல்களுக்கு இடையே துருத்திய தூண்களை ஒட்டுங்கள்; அவை சுவர் வளையாமலும் காக்கும்.

சன்னல் சட்டங்களுக்கு 2 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் கோடுகளைக் கீறி வண்ணம் நிரப்பலாம். பித்தளைக் கம்பிகளைச் சால்டர் செய்தால் இன்னும் சிறப்பு. ஒன்றிரண்டு கண்ணாடிகளை உடைந்தவையாகவும், சிலவற்றைப் புகையால் மங்கியவையாகவும் விடுங்கள். கதவுகளை மரப்பட்டைகளால் செய்து, 2 மி.மீ. பித்தளைக் குழாயையும் அதற்குள் நுழையும் கம்பியையும் கொண்டு கீல் அமையுங்கள். மரம் ஈரத்தில் உப்பும் என்பதால் கதவுக்கு அடியில் 3 மி.மீ. இடைவெளி தேவை.

கூரைக்கு ஃபோம் போர்டைப் பயன்படுத்தாதீர்கள். என் முதல் ஷெட்டின் கூரையை அதிலேயே செய்து அடர்கருப்பு பூசினேன். ஒரே கோடையில் முகடு குதிரை முதுகைப்போல் குழிந்துவிட்டது. கருநிறம் வெயிலை உறிஞ்ச, பிவிசி இளகித் தன் எடையாலேயே வளைந்ததுதான் காரணம். 3 மி.மீ. ஏசிபி தகடோ (இரு அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த தகடு), நீர் தாங்கும் ப்ளைவுட்டோ இந்தக் குறை இல்லாதவை. அதன்மேல் நெளிதகடு வேய, 0.1 மி.மீ. அலுமினியத் தகட்டை 30 மி.மீ. அகலமும் 90 மி.மீ. நீளமும் உள்ள துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு பலகையில் 3.4 மி.மீ. இடைவெளியில் கம்பிகளை வரிசையாக ஒட்டி அச்சு செய்து, அதன்மேல் துண்டை வைத்து மழுங்கிய குச்சியால் ஒவ்வொரு பள்ளமாக அழுத்தினால் நெளிவு விழும். இறவாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கி வேயுங்கள். மேல் துண்டு கீழ்த் துண்டின்மீது ஏறியிருந்தால்தான் நீர் வழுக்கி வெளியே போகும்.

முகட்டின்மேல், கூரையைப் பிளந்து எழும் சிறு கூரை ஒன்று வேண்டும். அதன் பக்கங்களில் 6 மி.மீ. அகலப் பட்டைகளை 45 பாகை சாய்த்து, வெளிவிளிம்பு தாழ்ந்திருக்குமாறு அடுக்குங்கள். புகை மேலேறி வெளியேறும், மழை உள்ளே நுழையாது. உள்ளே எஞ்சின் நிற்கும் இடத்தில் அதன் புகைபோக்கிக்கு நேர்மேலாகக் கவிழ்த்த தொட்டிபோன்ற மரக்கூடு ஒன்றை, கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ்ஸிலிருந்து தொங்கவிட்டு, அதன் உட்புறத்தில் அலுமினியத் தகடு ஒட்டுங்கள். எஞ்சின் எந்த இடத்தில் நிற்கும் என்று முன்பே முடிவு செய்யாமல் கூரையில் புகைக்குழாயை நட்டால், அந்தக் குழாய்க்குப் பொருளே இல்லை. கூரை முழுவதும் ஒரே துண்டாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

விளக்குகளுக்கு 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் மஞ்சள் சாயல் கொண்ட எல்இடி போதும். ஒவ்வொன்றுக்கும் 1000 ஓம் மின்தடை சேர்த்தால் மங்கலாகவும் நீடித்தும் எரியும்.

வண்ணத்துக்கு முன் எல்லாப் பரப்பிலும் பிரைமர் அடித்து, முதலில் சாந்தின் நிறத்தைப் பூசி உலரவிட்டு, பிறகு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் செங்கல் நிறத்தை மேலோட்டமாகத் தடவினால் பள்ளங்கள் சாந்தாகவே நிற்கும். புகைக்கரியை எல்லா இடத்திலும் தூவாதீர்கள். கதவு வளைவின் மேற்பகுதி, முகட்டுப் பட்டைகளின் விளிம்பு, மரக்கூட்டின் சுற்றுப்புறம் ஆகியவற்றில் அடர்ந்தும், கீழே வரவரக் குறைந்தும் இருக்க வேண்டும். எண்ணெய்க் கறை தண்டவாளங்களுக்கு நடுவிலும் குழியின் ஓரத்திலும் மட்டும் போதும்.

உண்மையாகவே நீராவியால் ஓடும் மாதிரி எஞ்சினை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். எரிபொருளாகப் பயன்படும் பியூட்டேன் வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் ஆய்வுக்குழியில் போய்த் தங்கும். வாயு நிரப்புவதையும் பற்றவைப்பதையும் ஷெட்டிலிருந்து தள்ளியே செய்து, நெருப்பு முற்றிலும் அணைந்த எஞ்சினை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

எல்லாம் உலர்ந்ததும், எஞ்சினை வைப்பதற்கு முன், பூவாளியால் கூரைமீது ஐந்து நிமிடம் நீர் ஊற்றுங்கள். பிறகு கூரையைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்படும் இடத்துக்கு நேர்மேலே தகட்டின் எந்த இணைப்பு இருக்கிறது என்று குறித்து, அதைச் சிலிக்கான் பசையால் அடைத்து, மறுநாள் மீண்டும் நீர் ஊற்றிப் பாருங்கள்.