மும்பையில் டைரி எழுத: நோட்டு, மை, மழை ஈரம்

கையால் டைரி எழுதத் தொடங்குகிறவர்கள் மும்பையில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஜனவரி முடிவதற்குள் எழுதுவது நின்றுபோகும். நிற்காமல் எழுதியவர்களுக்கோ ஜூலையில் நோட்டு பூசணம் பிடிக்கும். இரண்டையும் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் நோட்டும் பேனாவும் வைக்கிற இடமும்தான் காரணம்.

புத்தாண்டுக்கு இலவசமாக வரும் தேதி போட்ட டைரியை பால் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் விட்டுப்போனால் அதில் நான்கு வெற்றுப் பக்கம் முறைக்கும். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கிற நாளில் ஒரு பக்கம் போதாது. தேதி போடாத, கோடு போட்ட 200 பக்க நோட்டு நல்லது. முதல் 4 பக்கத்தையும் கடைசி 4 பக்கத்தையும் விட்டுவிட்டு, நாளுக்கு அரைப் பக்கம் எழுதினால் 384 நாள் வரும்.

கிராஃபோர்டு மார்க்கெட்டை ஒட்டிய அப்துல் ரஹ்மான் தெருவில் நோட்டுகள் மொத்த விலைக்குக் கிடைக்கும். அட்டையின் அழகை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். நடுவில் விரித்தால் மடிப்பில் நூல் தெரிய வேண்டும். வெறும் பசையில் நிற்கும் நோட்டு, பசை காய்ந்ததும் தாள் தாளாக உதிரும். ஸ்பைரல் கம்பி இந்த ஊர்க் காற்றில் துருவேறி, கறை தாளில் இறங்கும். தாள் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் இரண்டு பக்கமும் எழுதலாம். அதைவிட மெல்லிசான தாளில் மைப்பேனாவின் மை மறுபக்கம் ஊறும்.

பேனாவைச் சோதிக்க ஒரு வழி: ஒரு வரி எழுதி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் நனைத்த விரலை அதன்மேல் வைத்துத் தேயுங்கள். கலங்கினால் அந்தப் பேனா டைரிக்கு வேண்டாம். கழுவினால் போகும் நீல மை முதலில் தோற்கும், ஜெல் பேனாக்களில் பல தோற்கும். எண்ணெய் மை என்பதால் சாதாரண பால்பாயின்ட் பேனா தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும். அழுத்தி எழுதினால் மறுபக்கம் தடம் விழும், அவ்வளவுதான்.

இனி என்ன எழுதுவது. “இன்று நல்ல மழை. ஆபீஸில் டென்ஷன். மனசு சரியில்லை” என்று எழுதினால், ஐந்து வருஷம் கழித்துப் படிக்கும்போது எந்த மழை, யாரோடு டென்ஷன் என்று உங்களுக்கே தெரியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“9 ஜூலை 2025, புதன். குர்லாவில் வண்டி 25 நிமிடம் நின்றது. தக்காளி கிலோ 60. வாங்கவில்லை, ரசத்துக்குப் புளி கூடப் போட்டேன். ஊரிலிருந்து அப்பா போன். மூன்று நாளாக முட்டு வலியாம். டாக்டரைப் பாருங்க என்றால் ‘வெயில் வந்தா போயிரும்ல’ என்கிறார்.”

இதற்குப் பத்து நிமிடம் போதும். இடம், விலை, ஒருவர் சொன்ன வார்த்தை அப்படியே: மூன்றும் இருந்தால் அந்த நாள் திரும்பக் கிடைக்கும். வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்கும் நாளில் இந்த ஒரு வரி உதவும். அதைவிட, ‘போயிரும்ல’ என்ற அந்தக் குரலை நினைவு தானாகத் திருத்தி மழுக்கிவிடும், காகிதம் திருத்தாது. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய தினசரிக் குறிப்பை இன்றும் தேடிப் படிக்கிறார்கள் என்றால், கப்பல் வந்ததையும் காதில் விழுந்த பேச்சையும் அன்றன்றைக்கே குறித்துவைத்ததால்தான்.

தேதியில் வருஷத்தை முழுசாகப் போடுங்கள். ‘பாட்டி’ என்றால் எந்தப் பாட்டி? கடைசிப் பக்கங்களில் ஒரு முறை பெயரும் உறவும் ஊரும் எழுதிவிட்டால், பிறகு சுருக்கமாகவே எழுதலாம். பக்கங்களுக்கு எண் போட்டு, முதல் 4 பக்கத்தில் ‘வீடு மாறியது – 61’, ‘அத்தை ஆபரேஷன் – 88’ என்று வாரம் ஒரு முறை சேருங்கள். இதைத்தான் எல்லோரும் சோம்பலில் விடுவார்கள். இது இல்லாத டைரியில் ஒரு விஷயத்தைத் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

வேகத்தில் மெய்யெழுத்தின் புள்ளியை விடாதீர்கள். கால் எழுத்தும் ரகரமும் ஒன்றாகத் தெரியாமலிருக்க ரகரத்தின் கீழ்ச் சாய்கோட்டை இழுத்து விடுங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் தெளிவாக இருக்கட்டும். வீரமாமுனிவர் பாடுபட்டுப் பிரித்துக் கொடுத்ததை அவசரத்தில் சேர்த்துவிடக் கூடாது.

ஒற்றை அறை வீட்டில் டைரிக்குப் பூட்டு கிடையாது. கோபத்தைத் தனித்தாளில் எழுதி மடித்து வையுங்கள். மூன்று நாள் கழித்தும் அது உண்மை என்று பட்டால் டைரியில் சேருங்கள், இல்லையென்றால் கிழித்துவிடுங்கள்.

லோக்கல் ரயிலுக்குப் பெரிய நோட்டைக் கொண்டுபோக வேண்டாம். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, அதில் நான்கைந்து சொல். இரவு வீட்டில் விரித்து எழுதலாம். ஏ.டி.எம். சீட்டு, பில் போன்ற வெப்ப அச்சுத் தாளை ஒட்டிவைத்தால் எழுத்து மங்கி வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். தொகையைக் கையால் எழுதுங்கள். செல்லோடேப்பும் கூடாது, மஞ்சளாகி கறை விடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நோட்டை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். ஈரம் அந்தச் சுவர் வழியாகத்தான் வரும். கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியபோது, தரைத்தளத்தில் கீழே வைத்த காகிதம் எதுவும் தப்பவில்லை. மூடி இறுகும் டப்பா, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று, துணியில் முடிந்த வசம்பு. மாதம் ஒரு முறை காய்ந்த நாளில் திறந்து பக்கங்களை விசிறிவிடுங்கள். டைரியை மைதாப் பசையால் ஒட்டி அலங்கரிக்காதீர்கள். வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து.

நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். தாள் சுருண்டு நிற்கும். பத்துப் பத்துப் பக்கத்துக்கு ஒரு டிஷ்யூ தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் நிறுத்திவையுங்கள். ஈரம் ஏறிய டிஷ்யூ தாளை மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். இரண்டு நாள் தாண்டினால் பூசணம் தொடங்கும். உடனே கை வைக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் போட்டு, நேரம் கிடைக்கும்போது எடுத்துக் காயவைக்கலாம்.

இங்கே வளரும் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். அவர்களுக்காக மாதம் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்து போனில் பதிந்துவையுங்கள். பதிவின் பெயரில் தேதியும் பக்க எண்ணும் இருக்கட்டும். நோட்டு முடிந்ததும் முதுகில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டையும் எழுதி, அடுத்த நோட்டை அன்றைக்கே திறந்து பக்க எண் போட்டுவிடுங்கள்.