வயசான நாய் திடீர்னு தொட விடலையா? எங்க, எப்போன்னு முதல்ல கவனிங்க

இத்தனை வருஷம் வயித்த காட்டி மல்லாந்து படுத்து சொறிஞ்சு விடுன்னு அடம் பிடிச்ச நாய், ஒரு நாள் முதுகுல கை வச்சதும் உர்ருன்னா உடனே வீட்ல எல்லாரும் "வயசாயிடுச்சு, அதான் எரிஞ்சு விழுது"ம்பாங்க. வயசானா குணம் அப்படி ராத்திரியோட ராத்திரியா மாறாதுங்க, பெரும்பாலும் எங்கயோ வலி.

ரெண்டு மூணு நாள் கவனிச்சாலே பாதி பிடிபட்டுடும். எப்போ தொட்டாலும் குறிப்பா ஒரே இடத்துக்கு மட்டும் சிலுத்துக்குதுன்னா அது வலிதான். எங்க தொட்டாலும் சும்மா இருக்கு, ஆனா தூங்கும்போதோ பின்னாடிலருந்தோ தொட்டா மட்டும் பதறி கடிக்க வருதுன்னா காதோ கண்ணோ மங்கியிருக்கலாம், அது பாக்காதப்போ பின்னாடி நின்னு சாவிக்கொத்த குலுக்கி பாருங்க, காது திரும்புதான்னு. ராத்திரி சும்மா சுத்திட்டே இருக்கு, மூலைல போய் முட்டிட்டு நிக்குது, பழகுன ஆளையே முழிச்சு பாக்குதுன்னா மூளை தளர்ச்சியா இருக்கலாம்.

தொட்டு பாக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. அது நிதானமா படுத்திருக்கும்போது, அதுக்கு பிடிச்ச இடத்துல ஆரம்பிச்சு புறங்கையால மெதுவா கழுத்து, முதுகு, இடுப்பு, கால்னு போங்க. கண்ணு கைய பாக்காம முகத்த பாக்கணும். உதட்ட நக்குறது, மூச்ச பிடிக்கறது, தலைய வெடுக்குனு திருப்பறது, தோல் துடிக்கறது இதெல்லாம் உறுமலுக்கு முன்னாடியே வந்துடும். வலிக்கற இடம் தெரிஞ்சதும் நிறுத்திடுங்க, உறுதி பண்றேன்னு திரும்ப அமுக்காதீங்க. உறுமுனா அடிக்கவும் கூடாது, உறுமலே கூடாதுன்னு பழகிட்டா அடுத்த தடவ நேரா கடிதான்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி பெரிய நாய்ங்களுக்கெல்லாம் இடுப்பு மூட்டு தேய்மானம் ரொம்ப சகஜம், குட்டைக்கால், நீள உடம்பு டாக்ஸண்டுன்னா முதுகுத்தண்டு டிஸ்க்க முதல்ல சந்தேகப்படுங்க. தட்டுக்கு குனிய மாட்டேங்குதுன்னா கழுத்து. வாய்கிட்ட விடலைன்னா பல்லு. உடம்பு பூரா வலிக்கற மாதிரி இருந்து சாப்பிடவும் இல்லைன்னா நம்ம ஊர்ல உண்ணி காய்ச்சல மறந்துடாதீங்க, ஈறு வெளுத்திருக்கா, வயித்துல சிவப்பு புள்ளி இருக்கா பாருங்க. மூக்கு காஞ்சிருக்கான்னு பாத்து காய்ச்சல் சொல்றதெல்லாம் வேலைக்கே ஆகாது, தெர்மாமீட்டர் வச்சுதான் பாக்கணும், நாய்க்கு சாதாரணமாவே 101லருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்.

பின்னங்கால் இழுக்குது, யூரின் போகல, வயிறு உப்பி கல்லு மாதிரி இருக்கு, இதுல எது இருந்தாலும் கவனிக்கறேன்னு உக்காராம அன்னைக்கே, அப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க.

வீட்ல இருக்கற ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் குடுக்காதீங்க ப்ளீஸ், வயித்துல புண்ணு, ரத்த வாந்தி, கிட்னி ஃபெயிலியர், லிவர் பாதிப்பு வரைக்கும் போகும். டாக்டரே வலி மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி வயசான நாய்க்கு கிட்னி, லிவர் பிளட் டெஸ்ட் பாக்கறதுதான் சரி, செலவுன்னு தட்டி கழிக்காதீங்க. அது நடக்கறத, எந்திரிக்கறத வீட்லயே போன்ல வீடியோ எடுத்துட்டு போங்க, ஏன்னா கிளினிக் மேஜைல ஏத்துனதும் பயத்துல நிறைய நாய் நல்லா இருக்கற மாதிரிதான் நிக்கும்.

டாக்டர்கிட்ட காட்டற வரைக்கும் வழுக்கற டைல்ஸ் தரைல ரப்பர் மேட்டோ பழைய சாக்கோ விரிச்சு விடுங்க, படி ஏற விடாதீங்க, தூக்கணும்னா நெஞ்சுக்கு ஒரு கை பின்பக்கத்துக்கு ஒரு கைன்னு முதுகு வளையாம தூக்கணும். வீட்ல குழந்தைங்க இருந்தா தூங்கற நாய்கிட்ட போகவே வேணாம்னு கண்டிப்பா சொல்லிடுங்க, பெரியவங்களும் காலால தரைய தட்டி அது முழிச்சு பாத்தப்புறம் தொடுங்க.