சீன மாணவர்களுக்கு 'டர்ன் ஆன்' சொல்லிக்கொடுக்கும்போது

சீன மொழி பேசுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறீர்களா? 'ஓபன் த லைட்' என்று ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். காரணம், மாண்டரினில் 'கை' என்ற ஒரே வினைச்சொல் (நம் 'கை' போலத்தான் ஒலிக்கும்) கதவைத் திறக்க, விளக்கைப் போட, கார் ஓட்ட, கூட்டம் நடத்தக்கூட வரும், அதனால் அவர்கள் 'ஓபன்' என்பதையே எல்லாவற்றுக்கும் வைத்துவிடுகிறார்கள்.

நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்: மின்சாரம், தண்ணீர், கேஸ் என ஏதோ ஒன்று ஓடத் தொடங்கினால் 'டர்ன் ஆன்', நின்றால் 'டர்ன் ஆஃப்'. கதவு, பெட்டி, புத்தகம் போல மூடியிருப்பது விரிந்தால்தான் 'ஓபன்'. குழாய்க்கும் 'டர்ன் ஆன் த டாப்' என்பதே வழக்கம், நாமும் 'குழாயைத் திற' என்று பழகியதால் இதில் நமக்கும் கொஞ்சம் தடுமாறும். போனை 'டர்ன் ஆன்' செய்கிறோம், ஆனால் அதில் இருக்கும் ஆப்பை 'ஓபன்' செய்கிறோம், இந்த ஜோடியைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் சொல் வரிசை. 'டர்ன் ஆன் த லைட்', 'டர்ன் த லைட் ஆன்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' வந்தால் நடுவில்தான் வரவேண்டும்: 'டர்ன் இட் ஆன்'. 'டர்ன் ஆன் இட்' தவறு. இதை விதியாகச் சொல்லிவிட்டு நகராதீர்கள், வகுப்பறை சுவிட்சைப் போட்டு அணைத்து பத்து முறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

'டர்ன் டவுன்' இன்னொரு நாளுக்கு இருக்கட்டும், அதற்கு ஒலியைக் குறைப்பது, மறுப்பது என்று இரண்டு பொருள் உண்டு.